கும்பகோணத்தில் ஒரு ரிசர்ச் டீம், 1880

ரிசர்ச் சர்வீஸ் கம்பெனிகள்ல வேலை பார்க்கிற நண்பர்களைச் சந்திச்சா இப்போ ஒரே பேச்சுதான். ஏஐ வந்தாச்சு, டீம்ல இனிமே யார் இருப்பாங்க, யார் இருக்க மாட்டாங்க? கிட்டத்தட்ட இதே கேள்வியைக் கும்பகோணம் 140 வருஷத்துக்கு முன்னாடியே பார்த்துடுச்சு. அன்னைக்கு வந்த தொழில்நுட்பம், அச்சு.

தமிழ்ல அச்சு அதுக்கும் ரொம்ப முந்தியது. ஆனா 1835ல அச்சகங்கள் மேல இருந்த கட்டுப்பாடு தளர்ந்த பிறகுதான் நம்ம ஆட்கள் பரவலா அச்சுக்கூடம் நடத்த ஆரம்பிச்சாங்க. 1880ல உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் அரசுக் கல்லூரிக்குத் தமிழாசிரியரா வந்தார். அந்த ஊர்ல முன்சீபா இருந்த சேலம் இராமசாமி முதலியார் அவர்கிட்ட, சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களான்னு கேட்டார். அதுவரைக்கும் ஐயர் அதைப் படிச்சதில்லை. அங்கேதான் வேலை தொடங்குது.

ஓலைச்சுவடியில புள்ளி வைக்க மாட்டாங்க. ‘கொடி’யும் ‘கோடி’யும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால ஒரு சுவடி போதாது. பல ஊர்ச் சுவடிகளைத் தேடி வாங்கி, ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் குறிச்சு வைக்கணும். சிந்தாமணி சமணக் காப்பியம். அதனால சமயச் சொற்களுக்குக் கும்பகோணத்துச் சமணர்களையே போய்க் கேட்டார். அச்சுச் செலவுக்கு ஆதரவாளர்கள்கிட்ட முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். இன்னைக்கு நாம க்ரவுட்ஃபண்டிங்னு சொல்றது கிட்டத்தட்ட இதுதான். அச்சுக்கூடம் இருந்தது சென்னையில.

புத்தகம் 1887ல வந்தது. அப்புறம் வேகத்தைப் பாருங்க: பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. எல்லாமே கல்லூரி வேலைக்கு நடுவுல. முதல் புத்தகத்துக்காகச் சேர்த்த குறிப்புகளும் அகராதியும் தொடர்புகளும் அடுத்த புத்தகத்துக்குக் கைகொடுத்தது.

இதுல நான் முக்கியமா நினைக்கிறது ஒண்ணு. ஓலையில ஒருத்தர் தப்பா எழுதினா அந்தப் பிரதி மட்டும்தான் கெடும். அச்சுல தப்பு விழுந்தா நூத்துக்கணக்கான பிரதிக்கும் அதே தப்புதான். ஏடு பெயர்த்து எழுதுற வேலை அச்சு வந்ததும் குறைஞ்சது. ஆனா சரிபார்க்கிற வேலை பெருசாச்சு.

அடுத்த மாற்றமும் இப்படித்தான். கோட்டையூர்ல விளம்பரப் பலகை எழுதின ஓவியர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கினதால, 1994ல சென்னையில ஆராய்ச்சி நூலகம் பிறந்தது. முதல்ல மைக்ரோஃபில்ம், பிறகு டிஜிட்டல். மெஷின் மாறிக்கிட்டே இருந்தாலும், எது எந்தப் புத்தகம், எந்தப் பதிப்புன்னு பார்த்துப் பட்டியல் போட ஆள் வேண்டியிருந்தது.

இப்போ ஏஐ ஒரு ரிப்போர்ட்டை நிமிஷத்துல எழுதிடும். அதுல ஒரு தப்பு இருந்தா, அது எத்தனை கம்பெனியோட முடிவுக்குள்ள போகும்? சரிபார்க்கிறவங்களைச் செலவுன்னு நினைச்சு முதல்ல அனுப்புற கம்பெனி, அச்சை வாங்கிட்டு ஐயரை வேண்டாம்னு சொல்ற மாதிரி. சாஃப்ட்வேர் வாங்குறது சுலபம். கொடியா கோடியான்னு முடிவு பண்ண யாரை உட்கார வைக்கிறோம்? உங்க ஆபீஸ்ல அடுத்த மீட்டிங்ல கேளுங்க.