கடல் கடந்த மாணவரும் வாக்குரிமையும்: இந்தியத் தேர்தல் சட்டத்தில் ‘குடியிருப்பு’ என்னும் வரையறையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வெளிநாட்டில் பயிலும் இந்தியக் குடிமக்கள் 2011 முதல் தம் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் உரிமை பெற்றுள்ளனர். எனினும் தேர்தல் நாளன்று தம் வாக்குச்சாவடிக்கு நேரில் வந்தாலன்றி அவ்வுரிமையால் பயனில்லை. பதிவுக்கும் வாக்களிப்புக்கும் இடைப்பட்ட இப்பிளவு எவ்வாறு உருவாயிற்று என்பதை 1948ஆம் ஆண்டின் பட்டியல் தயாரிப்புப் பணி தொடங்கி 2020ஆம் ஆண்டின் அஞ்சல் வாக்கு முன்மொழிவு வரை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: வாக்குரிமை, வழக்கமான குடியிருப்பு, வெளிநாட்டு வாக்காளர், பிரிவு 20ஏ, அஞ்சல் வாக்கு

180 நாள்கள்

இந்திய அரசமைப்பின் 326ஆம் உறுப்பு வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வழங்குகிறது. அவ்வுரிமையைச் சட்டத்தின்வழி மறுப்பதற்குரிய காரணங்களையும் அதே உறுப்பு சுட்டுகிறது. மனநலக் குறைபாடு, குற்றம், முறைகேடான தேர்தல் நடவடிக்கை ஆகியவற்றுடன் ‘குடியிராமை’யும் அங்கு இடம்பெறுகிறது. தொலைவில் வாழும் குடிமகனின் சிக்கல் பிற்காலச் சட்டங்களின் கவனக்குறைவால் மட்டும் விளைந்ததன்று. அதன் வித்து அரசமைப்பிலேயே உள்ளது.

அரசமைப்பு நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, 1948இல், வரைவு வாக்காளர் பட்டியல் தயாரிக்கும் பணி தொடங்கிவிட்டது. ஓரிடத்தில் குறைந்தது 180 நாள்கள் குடியிருந்தவரே அவ்விடத்துப் பட்டியலில் இடம்பெறலாம் என்பது அப்போதைய விதி. பிரிவினையால் இடம்பெயர்ந்து வந்த ஏதிலியரால் இதனை நிறைவேற்ற இயலவில்லை. ஓரிடத்தில் நிலையாகக் குடியிருக்கும் எண்ணம் தமக்குண்டு என அவர்கள் உறுதிமொழி அளித்தால் போதும் என்று பின்னர் முடிவு செய்யப்பட்டது. ஆர்னிட் ஷானியின் ஆய்வு இவ்வரலாற்றை விரிவாக எடுத்துரைத்துள்ளது. இம்முடிவு நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. உடல் தங்கிய நாள்களின் எண்ணிக்கைக்கு மாற்றாக, ஓர் ஊரோடு தனக்குள்ள பிணைப்பை ஒருவர் அறிவிப்பதையே இந்தியத் தேர்தல் நிர்வாகம் அன்று ஏற்றுக்கொண்டது. பின்வந்த சட்டங்கள் இந்நெகிழ்ச்சியை மாணவர்க்கு நீட்டிக்கவில்லை.

தூதரக அலுவலரும் மாணவரும்

1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 19ஆம் பிரிவில் ‘வழக்கமாகக் குடியிருத்தல்’ என்பதைப் பதிவுக்குரிய தகுதியாக வைத்தது. 180 நாள் வரம்பு பின்னர் நீங்கியபோதும் இத்தொடர் நிலைத்துவிட்டது. ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருப்பதனாலேயே ஒருவர் அங்கு வழக்கமாகக் குடியிருப்பவர் ஆகிவிடமாட்டார் என்றும், தற்காலிகமாக வெளியே செல்வதனாலேயே அத்தகுதியை இழந்துவிடமாட்டார் என்றும் 20ஆம் பிரிவு கூறுகிறது. இரண்டாண்டு முதுகலைப் படிப்புக்கோ ஐந்தாண்டு முனைவர் பட்ட ஆய்வுக்கோ அயல்நாடு செல்வது ‘தற்காலிகம்’ ஆகுமா? சட்டம் கால அளவு எதையும் வரையறுக்கவில்லை. பட்டியலைச் சரிபார்க்கும் அலுவலரின் மதிப்பீட்டைப் பொறுத்தே அது அமைகிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் உள்நாட்டு மாணவர் விடுதி முகவரியிலோ பெற்றோர் இல்லத்திலோ பெயரைப் பதியலாம் என்ற தெளிவு அயல்நாட்டில் பயில்வோர்க்குக் கிட்டவில்லை.

இதே 20ஆம் பிரிவு படைவீரர்க்கும், வெளிநாட்டுப் பணியிடங்களில் உள்ள இந்திய அரசு ஊழியர்க்கும் தனிவழி வகுத்தது. அவர்கள் எங்கிருந்தாலும் சொந்தத் தொகுதியில் குடியிருப்பவராகவே கருதப்படுவர். அஞ்சல் வாக்கும் அவர்க்கு உண்டு. ஒரே நகரில் வாழும் தூதரக அலுவலருக்கு வாக்குச்சீட்டு அவர் இருக்கும் இடத்திற்கே செல்கிறது; மாணவர் வாக்குச்சீட்டை நோக்கி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணிக்க வேண்டியுள்ளது. தொலைவு இருவர்க்கும் ஒன்றே. அரசுப் பணி நிமித்தமான பிரிவு மட்டுமே மன்னிக்கத்தக்கது என்ற கருத்து இவ்வேறுபாட்டின் அடியில் உள்ளது. 1950இல் அது இயல்பாகத் தோன்றியிருக்கலாம். இன்று அதற்கு வலுவான நியாயம் கற்பித்தல் அரிது.

‘கல்வி’ என்னும் சொல் நுழைந்தமை

2006இல் மாநிலங்களவையில் ஒரு திருத்த முன்வரைவு கொணரப்பட்டது. நீண்ட இழுபறிக்குப் பின் 2010ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் நிறைவேறி, 20ஏ என்னும் புதிய பிரிவு 2011 பிப்ரவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. வேலைவாய்ப்பு, கல்வி அல்லது பிற காரணத்தால் வெளிநாட்டில் உள்ளவரும், வேறு நாட்டின் குடியுரிமையைப் பெறாதவருமான இந்தியக் குடிமகன், தம் கடவுச்சீட்டில் குறிக்கப்பட்ட இந்திய முகவரி அமைந்துள்ள தொகுதியில் பெயரைப் பதியலாம் என்பது அதன் சாரம். வெளிநாட்டில் இருத்தல் தற்காலிகமானதா அன்றா என்ற வினாவையும் அப்பிரிவு வெளிப்படையாகவே தள்ளிவிட்டது. மாணவரைப் பொறுத்தவரை இது பெரிய மாற்றம்.

இதற்குரிய விண்ணப்பம் படிவம் 6ஏ ஆகும். முன்னரே வாக்காளர் அடையாள அட்டை பெற்றிருந்தால் அதனை ஒப்படைத்துவிட வேண்டும். வெளிநாட்டு வாக்காளர்க்கு அவ்வட்டை வழங்கப்படுவதில்லை. வாக்குச்சாவடியில் மூலக் கடவுச்சீட்டைக் காட்டியே வாக்களிக்க வேண்டும். கடவுச்சீட்டு முகவரியைச் சார்ந்திருப்பதில் ஒரு சிறு சிக்கலும் உண்டு. தஞ்சாவூரில் பிறந்து வளர்ந்து, சென்னையில் கல்லூரியில் பயின்ற காலத்தில் அந்நகர முகவரியில் கடவுச்சீட்டுப் பெற்ற ஒருவர் சென்னையின் வாக்காளராகவே பதிவாவார்.

2010ஆம் ஆண்டின் திருத்தம் தொடாமல் விட்டது வாக்களிக்கும் முறையை. 2024 மக்களவைத் தேர்தல் அட்டவணை மார்ச் 16இல் அறிவிக்கப்பட்டது; தமிழ்நாட்டில் ஏப்ரல் 19இல் வாக்குப்பதிவு நடந்தது. இடையில் இருந்தவை 34 நாள்கள். அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பருவத்தேர்வு நெருங்கும் காலம் அது. பயணச்சீட்டின் விலையையும் வகுப்பு இழப்பையும் எண்ணினால், உதவித்தொகையில் வாழும் மாணவர் ஒரு வாக்கிற்காக வந்து திரும்புவார் என எதிர்பார்ப்பதற்கில்லை.

எண்ணிக்கைகளும் இதனையே காட்டுகின்றன. 2024இல் ஏறத்தாழ 1.19 இலட்சம் வெளிநாட்டு வாக்காளர்கள் பதிவு செய்திருந்தனர். வந்து வாக்களித்தோர் 2,958 பேர் மட்டுமே. அவர்களுள் 2,670 பேர் கேரளத்தவர். வளைகுடா நாடுகள் அண்மையில் இருப்பதும், அங்குள்ள மலையாளி அமைப்புகள் தேர்தலையொட்டிக் கூட்டுப் பயணங்களை ஏற்பாடு செய்வதும் இதற்குக் காரணங்களாகும். கேரளத்தை நீக்கிவிட்டால் நாடு முழுமைக்கும் எஞ்சுவது 288 பேர். இப்புள்ளிவிவரம் மாணவரைத் தனியே பிரித்துக் காட்டுவதில்லை என்றாலும், அந்த 288இல் மாணவர் எத்தனை பேர் இருந்திருக்க முடியும் என்பதை ஊகித்தல் கடினமன்று.

பதிலாளும் அஞ்சலும்

நேரில் வரவேண்டும் என்னும் நிபந்தனையை எதிர்த்து 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் உச்ச நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாயின. தேர்தல் துணை ஆணையர் வினோத் சுட்ஷி தலைமையிலான குழு 2014இல் இதனை ஆராய்ந்து, மின்வழி அனுப்பும் அஞ்சல் வாக்கு, பதிலாள் வாக்கு ஆகிய இரண்டையும் பரிந்துரைத்தது. அரசு பதிலாள் முறையைத் தேர்ந்தது. 2017 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான முன்வரைவு 2018 ஆகஸ்ட் 9இல் அங்கு நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறாத நிலையில் 2019இல் மக்களவை கலைக்கப்படவே அது காலாவதியாயிற்று. ஒருவர் வாக்கை மற்றொருவர் செலுத்தும்போது கமுக்கம் கெடுகிறது. நியமித்தவரின் விருப்பப்படியே பதிலாள் வாக்களித்தாரா என்று அறியவும் வழியில்லை. மாணவரின் பதிலாள் பெரும்பாலும் தந்தையாகவோ தமையனாகவோ இருப்பார் என்பதை நோக்க, அம்முன்வரைவு காலாவதியானது பேரிழப்பு எனக் கூறுவதற்கில்லை.

மின்வழி அஞ்சல் முறையோ 2016 முதல் படைவீரர்க்கு நடைமுறையில் உள்ளது. அது முதன்முதலில் பயன்படுத்தப்பட்டது அவ்வாண்டு நவம்பரில் நடந்த புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில். வாக்குச்சீட்டு மின்வழியாகச் செல்கிறது. வாக்காளர் அதனை அச்சிட்டு, குறியிட்டு, சான்றொப்பம் பெற்ற உறுதிமொழியுடன் அஞ்சலில் திருப்பி அனுப்புகிறார். இணையவழி வாக்களிப்போடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. இதில் திரும்பும் வழி முழுவதும் தாளே.

பிற நாடுகளோடு ஒப்பிடின் முரண் மேலும் கூர்மையாகிறது. பிரிட்டன் 1985இல் வெளிநாடுவாழ் குடிமக்களுக்கு ஐந்தாண்டு வரம்புடன் வாக்குரிமை அளித்தது; பிற்பாடு அவ்வரம்பு இருபதாகவும் பதினைந்தாகவும் மாறி, 2024 ஜனவரி 16 முதல் முற்றிலும் நீக்கப்பட்டது. காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில், அங்கு சட்டப்படி வசிக்கும் இந்திய மாணவர் பிரிட்டன் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். அதற்கு அஞ்சல் வாக்கும் கோரலாம். மதுரையிலிருந்து இலண்டன் சென்று பயிலும் ஒருவர், தாம் சில ஆண்டுகளே வாழப்போகும் நாட்டின் உறுப்பினரைத் தம் அறையிலிருந்தே தேர்ந்தெடுக்கலாம்; மதுரையின் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க விமானம் ஏற வேண்டும்.

2020 நவம்பரில் தேர்தல் ஆணையம் மத்தியச் சட்ட அமைச்சகத்திற்கு எழுதிய கடிதத்தில், மின்வழி அஞ்சல் முறையை வெளிநாட்டு வாக்காளர்க்கும் நீட்டிக்க முன்மொழிந்தது. தமிழ்நாடு, கேரளம், அசாம், மேற்கு வங்காளம், புதுச்சேரி ஆகியவற்றின் 2021 சட்டமன்றத் தேர்தல்களிலேயே அதனைச் செயற்படுத்தத் தான் அணியமாக இருப்பதாகவும் தெரிவித்தது. அத்தேர்தல்கள் அவ்வசதியின்றியே நடந்து முடிந்தன; 2024 மக்களவைத் தேர்தலும் அவ்வாறே. பதிலாள் முறைக்கு நாடாளுமன்றச் சட்டம் தேவைப்பட்டது. அஞ்சல் முறைக்கு, ஆணையமே சுட்டியவாறு, 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளை மத்திய அரசு திருத்தினால் போதும்.