கம்பளைச் சந்தையும் அரிசிக் கணக்கும்

கம்பளையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அரசர்களிடமிருந்தே தொடங்குவர். 14ஆம் நூற்றாண்டில் இது தலைநகராக இருந்தது உண்மையே. ஆயினும் இந்நகரின் கடைத்தெருவில் போஞ்சியும் கரட்டும் குவிந்திருக்கக் காணும்போதெல்லாம் எனக்கு எழும் கேள்வி வேறு. இங்கு விற்கவும் வாங்கவும் தொடங்கியவர்கள் யார்?

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேர்ட் நொக்ஸ், இத்தீவில் சந்தைகளே இல்லை, நகரங்களில் சில கடைகள் மாத்திரம் உண்டு என்று எழுதியுள்ளார். அவரும் ஊரூராகப் பொருள் விற்றுத் திரிந்தவர்தான். அவ்வியாபாரத்தில் வழிகளை அறிந்துகொண்டே, இறுதியில் அநுராதபுரம் வழியாக அரிப்புக்குத் தப்பிச் சென்றார். சந்தை இல்லாவிடினும் வாணிபம் இருந்தது. கரையோரத்து உப்பும் கருவாடும் பொதிமாடுகளில் மலையேறின; பாக்கு கீழிறங்கியது. அரசனின் பொதிமாட்டுச் சேவையில் முஸ்லிம்கள் முக்கிய பங்கு வகித்தனர்.

நிலைமையை மாற்றியது கோப்பி. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் தோட்டம் திறந்தார். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து நினைவுகூர்ந்த மலையகத்தின் இருநூறு ஆண்டுகள், அக்காலத்திலிருந்தே எண்ணப்படுகின்றன. கோப்பியை இறக்கவும், தென்னிந்திய அரிசியை ஏற்றவும் பாதைகளில் மாட்டு வண்டிகள் நிறைந்தன. 1867இல் கண்டிக்கு வந்த புகையிரதம் 1870களில் கம்பளையைக் கடந்து நாவலப்பிட்டியை எட்டியது. நகரில் கடைகள் பெருகின.

ஆனால் அந்த அரிசியை உண்டவன் கடைத்தெருவில் நின்று விலைபேசி வாங்கியவன் அல்லன். தோட்டத்திலேயே அரிசி அளந்து கொடுக்கப்பட்டது; அதன் பெறுமதி கூலியில் கழிக்கப்பட்டது. கோப்பி அழிந்து தேயிலை வந்த பின்னரும் இவ்வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. எந்த விலைக்கு வாங்குகிறோம் என்று கேட்கும் உரிமை இல்லாதவனை வாடிக்கையாளன் என்று எவ்வாறு அழைப்பது? அவனுடைய பசியை நம்பித்தான் இந்நகரின் வாணிபமே வளர்ந்தது.

கடைத்தெருவுக்கு வேறொரு துயரக் கதையும் உண்டு. வல்லஹாகொட தேவாலயத்தின் பெரஹரா, அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலைக் கடக்கையில் மேளம் முழக்கலாமா என்ற தகராறு 1912இல் மூண்டு நீதிமன்றம் வரை சென்றது. 1915 மே மாதம் கண்டியில் கலவரம் வெடித்தபோது, அந்த வழக்கு மூட்டிய பகையும் அதன் பின்னணியில் இருந்தது. போர்க்கால விலையேற்றத்தால் கரையோர முஸ்லிம் வணிகர்மீது எழுந்த ஆத்திரமும் அதற்குத் துணைநின்றது. நாட்டின் பல ஊர்களில் அவர்களுடைய கடைகளே முதலில் தாக்கப்பட்டன.