பாட்டால் செத்த ஆளுநர்

1414இல் அயர்லாந்தில் ஜோன் ஸ்ரான்லி எண்ட ஆங்கிலேய ஆளுநர் இறந்துபோனார். காய்ச்சலாலோ கத்திக்குத்தாலோ அல்ல, ஐரிஷ் மொழியில் பாடப்பட்ட வசைப்பாட்டால் செத்தார் என்கிறது 'நான்கு ஆசிரியர்களின் ஆண்டேடு'. எங்கட 'அறம் பாடுதல்' மாதிரி ஒரு நம்பிக்கைதானே எண்டு முதலில் நாங்களும் சிரித்தோம். ஆனால் கதை அவ்வளவு லேசானதில்லை.

இங்கிலாந்து அரசரின் பிரதிநிதியாக வந்த ஸ்ரான்லி, மதகுருக்களையும் கற்றவர்களையும் குளிரிலும் பசியிலும் வாட்டினார் என்கிறது அந்த ஏடு. உஷ்னாக் எண்ட இடத்தில் நியல் ஓ ஹிகின் என்ற புலவரின் மாடுகளையும் பறித்தார். ஆங்கிலோ-நோர்மன் வழிவந்த ஹென்றி டால்ரன் அரசரின் ஆட்களைக் கொள்ளையடித்து, ஓ ஹிகின் குடும்பத்துக்கு மாட்டுக்கு மாடு கொடுத்தார். அதாவது நட்டம் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர்கள் வசை பாடினார்கள். ஐந்து கிழமையில் ஸ்ரான்லி செத்தார்.

மாடு திரும்பக் கிடைத்த பிறகும் ஏன் பாடவேணும்?

பதில் பழைய ஐரிஷ் சட்டங்களில் இருக்கிறது. 7ஆம், 8ஆம் நூற்றாண்டுச் சட்ட நூல்களில் ஆளின் தகுதிக்கேற்ப ஒரு மானவிலை உண்டு. அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் 'முகத்தின் விலை'. வசை பாடினால் முகத்தில் கொப்புளம் எழும்பும் எண்டு நம்பினதும் அதனால்தான். நியாயமில்லாமல் வசை பாடினவர் அந்த விலையைக் கட்டவேணும். ஒட்டிக்கொள்கிற பட்டப்பெயர் வைக்கிறதுகூடக் குற்றம். மறுபக்கம், தன்மேல் பாடப்பட்ட வசையைச் சகித்துக்கொண்டு இருந்த அரசன் மானவிலையையே இழந்தான். ஆக, வசை வெறும் பகிடி இல்லை. ஆட்சியாளரையும் தொடக்கூடிய, ஆனால் கட்டுப்பாடுள்ள ஒரு தண்டனை.

ஸ்ரான்லி அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றவர். ஆங்கிலக் குடியேற்றத்துக்குள் ஐரிஷ் புலவர்கள் வரக்கூடாது எண்டு 1366இலேயே கில்கெனிச் சட்டம் தடை போட்டிருந்தது. அப்படிப்பட்ட ஆட்சியின் தலைவரை வசை பாடினது, 'நீயும் எங்கட சட்டத்துக்குப் பதில் சொல்லவேணும்' எண்டு சொன்னதுக்குச் சமம்.

இதை எழுதினது யார் எண்டதையும் மறக்கக்கூடாது. அந்த ஆண்டேடு 1632க்கும் 1636க்கும் இடையில் பழைய ஏடுகளிலிருந்து தொகுக்கப்பட்டது. அதன் முதன்மைத் தொகுப்பாளர் மீஹால் ஓ கிளேரி, புலவர் குடும்பங்களைப் போலவே பரம்பரையாகக் கல்வியைக் காத்த குடும்பத்தவர். ஆகவே இது புலவர் தரப்பின் வரலாறு. அவர்களை ஆதரித்த வட அயர்லாந்துப் பிரபுக்கள் 1607இலேயே நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். பாட்டுக்கு இருந்த பலம் போய்க்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பலத்தின் கதையை எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஸ்ரான்லியின் சாவுக்குப் பாட்டுத்தான் காரணம் எண்டு நாங்கள் நம்பத் தேவையில்லை. அந்தக் குறிப்பில் வசையின் ஒரு வரிகூட இல்லை. ஆனால் மாட்டுக்கு மாடு கொடுத்த கணக்கு இருக்கிறது, ஐந்து கிழமை இருக்கிறது. அரசரின் பிரதிநிதியாக வந்தவர், ஐரிஷ் ஏட்டில் ஒரு புலவரின் மாட்டைப் பறித்தவராகவே இன்றைக்கும் நிற்கிறார்.