ரேடியோ நெல்லும் வீட்டு எஃப்.எம். பெட்டியும்

ஒரு நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்று பேர் வந்த கதை நம் குடியிருப்பின் இளைய தலைமுறைக்குத் தெரிந்திருக்காது. இங்கிருந்து கும்பகோணம் போகும் வழியில் ஆடுதுறை இருக்கிறதல்லவா? ஜப்பானின் நோரின் 10 ரகத்தையும் நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும் கலந்து வந்ததிலிருந்து அங்குள்ள ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது ஏ.டி.டி. 27. குறுவைக்கு ஏற்ற குறுகிய கால நெல். 1960களில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் அதைப் பற்றி விடாமல் பேசின. விவசாயிகள் வாயில் எண் நிற்கவில்லை, ரேடியோ நெல் என்ற பேர் நின்றுவிட்டது. நம் ஊர் அப்போது மாயூரம். ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டத்தில் ஒரு ஊர்.

1939 மே 16-இல் தொடங்கிய அந்தத் திருச்சி நிலையம் மத்திய அலையில் ஒலித்தது. மத்திய அலை தரையை ஒட்டி வெகுதூரம் போகும். ஆனால் இடி மின்னல், மோட்டார், டியூப் லைட் சோக் எல்லாம் அதில் கரகரவென்று புகுந்துகொள்ளும். கேட்பதற்கு லைசென்ஸ் வேறு! தபால் ஆபீசில் வருடா வருடம் பணம் கட்டவேண்டும். 1980களில்தான் அது ஒழிந்தது. இலங்கை வானொலியையும் கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரல்களையும் நினைத்து இப்போது பெருமூச்சு விடுகிறவர்கள் ‘ஏ’ பிளாக்கிலேயே நாலைந்து பேர் இருப்பீர்கள்.

அந்தக் கரகரப்புக்கு மருந்தாக வந்தது எஃப்.எம். என்னும் பண்பலை. அமெரிக்காவின் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933-இல் காப்புரிமை பெற்ற முறை. சென்னைக்கு 1977 ஜூலை 23-இல் வந்தது. ஒலி தெளிவு, ஆனால் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும், தூரம் குறைவு. நமக்குத் தென்கிழக்கே 30 கிலோமீட்டர் வாக்கில் இருக்கும் காரைக்கால் நிலையம் 100.3-இல் கிடைக்கிறது.

இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள்: “செல்போனிலேயே எல்லா ரேடியோவும் வருதே, இந்தப் பெட்டி எதுக்குத் தாத்தா?” நியாயமான கேள்வி. இணையத்தில் சிங்கப்பூரின் ஒலி 96.8-ஐ மயிலாடுதுறையில் உட்கார்ந்து கேட்கலாம். டொரண்டோவில் இருக்கும் மகள் திருச்சி நிலையத்தைக் கேட்கலாம். 1941-இல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஓடு நின்றுபோனது. அந்தச் சேவை இணையத்தில்தான் தொடர்கிறது. இதையெல்லாம் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் பி.காம். படித்தவன், கணக்கைப் பார்க்காமல் விட முடியவில்லை. ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து கிளம்பும் அலையை நூறு பேர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் நிலையத்துக்குச் செலவு ஒன்றுதான். லட்சமாவது ஆளுக்கும் அதே தெளிவு. இணைய வானொலியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பவேண்டும். கூட்டம் கூடினால் சர்வருக்கும் சுமை, செல்போன் கோபுரத்துக்கும் சுமை. கேட்பவருக்கு டேட்டா செலவு. கிரிக்கெட் வர்ணனையில் பக்கத்து வீட்டு ரேடியோவில் விக்கெட் விழுந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் உங்கள் போனில் பந்துவீச்சாளர் ஓடிவருவார். தவிர, பெட்டி உங்கள் பேர் கேட்காது, ஓ.டி.பி. கேட்காது. திருகினால் பாடும்.

கூட்டம் கூடுவது எப்போது? புயலன்று. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தெற்கே வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் மின்கம்பங்கள் சாய்ந்து பல நாள் இருட்டு. செல்போன் சிக்னலும் இல்லை. வைஃபை பற்றிப் பேசவே வேண்டாம். அப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு பேட்டரி செல் போட்ட பெட்டி, கோபுரம் ஒன்று நின்றால் போதும், பேசும். இதைக் கருதித்தான் 2023-இல் மத்திய மின்னணு அமைச்சகம், செல்போன்களில் உள்ள எஃப்.எம். வசதியை முடக்கக்கூடாது என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. பேரிடர் காலத்துக்கு அது தேவை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அப்படியும் பல புதுப் போன்களில் அது இல்லை.

எஃப்.எம். என்றைக்கும் இருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. நார்வே நாட்டில் 2017-இல் தேசிய நிலையங்களையெல்லாம் எஃப்.எம்.-இலிருந்து எடுத்து டிஜிட்டல் ஒலிபரப்புக்கு மாற்றிவிட்டார்கள். வீடு வீடாக நல்ல பெட்டிகள் ஊமையாயின. அங்கேகூட மாறியது வேறொரு வானலைக்குத்தான், முழுக்க இணையத்துக்கு அல்ல என்பதைக் கவனியுங்கள்.

ஐப்பசி மழை தொடங்குமுன் உங்கள் செல்போனில் எஃப்.எம். இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஒயர் உள்ள இயர்போனைச் செருகினால்தான் அது எடுக்கும், அந்த ஒயர்தான் ஏரியல். பெட்டி வைத்திருப்பவர்கள் பழைய செல்லைக் கழற்றிவிடுங்கள், கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். காவலாளி அறைக்குச் சங்கச் செலவில் ஒரு பெட்டி வாங்கலாம் என்பது என் யோசனை, அடுத்த கூட்டத்தில் பேசுவோம். நம் கான்கிரீட் சுவருக்குள் அலை சரியாக வராது. ஏரியலை முழுதாக நீட்டி, தென்கிழக்கு பார்த்த ஜன்னல் ஓரம் வைத்தால் காரைக்கால் சுத்தமாகக் கிடைக்கிறது.