கலியாணத்துக்கு யாரை அழைப்பது?

கலியாணத்தில் கஷ்டமான காரியம் எது என்று கேட்டால், பெண் பார்ப்பது என்பார் சிலர். பணம் புரட்டுவது என்பார் பலர். இரண்டையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். யார் யாரை அழைப்பது என்று ஜாபிதா போடுகிறார்களே, அதுதான் கஷ்டம். பணம் குறைந்தால் கடன் வாங்கலாம். விட்டுப்போன ஒரு பெயரை எந்த வட்டிக்கும் பிறகு வாங்க முடியாது.

சில வருஷங்களுக்கு முன்பு ஏரலில், என் பெரியப்பாவின் பேத்தி கலியாணத்துக்கு ஜாபிதா எழுத உட்கார்ந்தோம். கதை எழுதுகிறவன் என்று பெயர் வாங்கியிருப்பதால் பேனா என் கைக்கு வந்தது. பெரியப்பாவின் முன்னால் பழைய மொய் நோட்டுகள் மூன்று இருந்தன. அவர் படிக்கப் படிக்க நான் எழுதினேன்.

ஒரு பெயரைக் கேட்டதும் நிறுத்தினேன். "அவர் இறந்து பத்து வருஷம் ஆச்சே, பெரியப்பா!"

"ஆள் போனா என்ன? அவன் எழுதின மொய் இருக்குல்லா? மகன் பேரைப் போடு."

மண்டபம் கொள்ளாது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். பெரியம்மா அதை லட்சியம் செய்யவில்லை. "ஆடி அமாவாசைக்கு நம்ம சேர்மன் சாமி கோயிலுக்கு வார கூட்டத்துக்கு யாரு பத்திரிகை வச்சா? வாரவங்க வரட்டும்" என்றாள்.

நானூறு பெயர்கள் ஆனதும் நான் மெதுவாகக் கேட்டேன்: "சின்ன அத்தையை எழுதவில்லையே?"

பெரியப்பா நோட்டை மூடிவிட்டார். அத்தை அவருடைய கடைசித் தங்கை. முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன்பு வேறு ஜாதிக்காரர் ஒருவரை ரிஜிஸ்தர் ஆபீஸில் மணந்துகொண்டவள். அந்த மூன்று நோட்டுகளில் எதிலும் அவள் பெயர் இல்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இவ்வளவு பேரை நாம் எதற்காக அழைக்கிறோம்? சாப்பாடு போடவா, பெருமை காட்டவா? பழைய காலத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது.

அகநானூற்றில் ஒரு கலியாணம் வருகிறது. பந்தல் போட்டு மணல் பரப்பியிருக்கிறார்கள். உளுந்து சேர்த்த பொங்கல் வந்தவர்களுக்கெல்லாம் குறையாமல் கிடைக்கிறது. பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள். புரோகிதர் என்று ஒருவர் அங்கே இல்லை. வந்தவர்களே கலியாணத்தை நடத்தி வைக்கிறார்கள், பார்த்தவர்களே சாட்சி.

சிலப்பதிகாரத்தில் ஜாபிதாவுக்கே வேலை இல்லை. கண்ணகியின் கலியாணச் செய்தியைச் சொல்ல, நகை பூண்ட பெண்களை யானைமேல் ஏற்றிப் புகார் நகரம் முழுவதும் அனுப்புகிறார்கள். ஊரே அழைக்கப்பட்ட கூட்டம்! ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். அதே கோவலன் மதுரைக் கடைத்தெருவில் சிலம்போடு நின்றபோது, "இவன் இன்னான் மகன், இன்னாள் கணவன்" என்று சொல்ல ஒருவர்கூட அங்கே இல்லை. கலியாணத்துக்கு வந்த ஊர் ஓரிடத்திலும், ஆபத்து வந்த ஊர் வேறோரிடத்திலும் இருந்தன. சாட்சி இல்லாத ஊரில் மனிதன் எவ்வளவு எளிதில் கள்வனாகிவிடுகிறான்!

பதிவுப் புத்தகம் இல்லாத காலத்தில் ஊராரின் ஞாபகமே பதிவுப் புத்தகம். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்ததே 2009-இல்தான். அதற்கு முன்பு சொத்து வழக்கோ ஜீவனாம்ச வழக்கோ வந்தால், "நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்" என்று கூண்டில் ஏறிச் சொல்ல நாலு பேர் வேண்டும். வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது அந்த நாலு பேரைச் சேர்த்துக்கொள்வதுதான். அவர்கள் வந்துபோனதற்கு ரசீதுதான் மொய் நோட்டு.

எங்கள் பக்கத்துக் கடற்கரையில் இதையே வேறு விதமாகச் செய்தார்கள். முத்துக் குளித்த பரதவர்கள் 1530-களில் கிறிஸ்தவர்களானார்கள். 1542-இல் சவேரியார் அவர்களிடையே வந்து சேர்ந்தார். 1563-இல் திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்க சங்கம், ரகசியக் கலியாணங்களை ஒழிக்க ஓர் ஏற்பாடு செய்தது. மூன்று முறை கோயிலில் அறிவிக்க வேண்டும். குருவும் சாட்சிகளும் முன்னிருக்க வேண்டும். அந்த அறிவிப்புக்கு நம் மக்கள் வைத்த பெயர் 'ஓலை'. இன்றும் எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஓலை வாசிக்கிறார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சபை முழுவதையும் கேட்பது அது. அழைப்பும் அதுவே, விசாரணையும் அதுவே.

ஆற்றோரத்தில் இதற்கு நேர்மாறானதும் இருந்தது. ஏரலிலிருந்து தாமிரபரணியோடு மேற்கே போனால் ஸ்ரீவைகுண்டம். அங்கே மண்கோட்டைக்குள் கோட்டைப் பிள்ளைமார் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். அவர்களுடைய பெண்கள் சுவரைத் தாண்டி வெளியே வருவதில்லை. வெளி ஆண்கள் நினைத்தபடி உள்ளே போவதும் இல்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் தங்களுக்குள்ளேதான். அங்கே ஜாபிதா பிறப்பிலேயே எழுதி முடிந்துவிட்டது. அந்தக் கோட்டை வாழ்க்கை சென்ற நூற்றாண்டிலேயே கலைந்துவிட்டது. ஆனால் மண்சுவர் இல்லாத கோட்டைகள் நம் வீட்டு ஜாபிதாக்களில் எத்தனை இருக்கின்றன!

அந்தச் சுவரில் ஓட்டை போட்டவர்களும் உண்டு. 1928-இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னிலையில் ஒரு சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதரும் இல்லை, மந்திரமும் இல்லை. கூடியிருந்தவர்களே சாட்சி. அகநானூற்றுப் பந்தல் திரும்பி வந்ததுபோல் இருந்தாலும் சட்டம் அதை ஏற்கவில்லை. ஊரே பார்த்த அப்படிப்பட்ட ஒரு கலியாணத்தைச் செல்லாது என்று 1950-களில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1967-இல் அண்ணாவின் அரசு சட்டத்தைத் திருத்திய பிறகே அந்தக் குறை தீர்ந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே போதும் என்றது அந்தத் திருத்தம்.

அந்தப் 'பிறர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். உறவும் நட்பும் வராதவர்களுக்காகச் சட்டம் திறந்துவைத்த கதவு அது. எத்தனை பிறர் வேண்டும்? ஊரறிய நடக்க வேண்டுமா? வக்கீல் ஆபீஸில் மறைவாக நடக்கும் கலியாணம் செல்லாது என்று 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிற்று. 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. ஊரைக் கூட்டித்தான் கலியாணம் செய்ய வேண்டும் என்பதில்லை. வீட்டாரின் எதிர்ப்புக்கும் ஆபத்துக்கும் அஞ்சுகிறவர்கள் ஊரறியச் செய்ய முடியாமலும் போகலாம் என்றது. சாட்சிக்காக அழைத்த கூட்டமே சிலருக்கு எமனாகிவிடும் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

2020-இல் கொரோனா வந்தபோது கலியாணத்துக்கு ஐம்பது பேருக்குமேல் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. அப்போதும் கலியாணங்கள் நடந்தன, ஒன்றும் குறைந்துவிடவில்லை. கூட்டம் பெரிதா சிறிதா என்பதல்ல விஷயம். அதற்குள் யார் இருக்கிறார்கள் என்பதுதான்.

மறுநாள் காலையில் பெரியப்பாவிடம் இந்தக் கதைகள் சிலவற்றைச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு, "பத்திரிகையைத் தபால்ல போட்டுராத. நேர்ல போயி வெத்திலை பாக்கு வச்சு அழை" என்றார்.

தூத்துக்குடிக்குப் போனேன். அத்தை தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்க கல்யாணத்துக்குச் சாட்சி யாரு தெரியுமாடா?" என்று கேட்டாள். 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி முப்பது நாள் நோட்டீஸ் ஆபீஸில் தொங்கியிருக்கிறது; கையெழுத்துக்கு மூன்று சாட்சிகள் வேண்டும். மாமாவின் சிநேகிதர்கள் இரண்டு பேர்தான் துணிந்து வந்தார்கள். மூன்றாவது கையெழுத்து, ஆபீஸ் வாசலில் டீக்கடை வைத்திருந்தவருடையது. "அந்த மனுஷன் பேரைக்கூடக் கேட்டுக்கிடலை. எனக்கு அன்னைக்கு அப்பா, அண்ணன் எல்லாம் அவர்தான்" என்றாள்.

முகூர்த்தத்துக்கு அத்தையும் மாமாவும் வந்தார்கள். பெரியப்பா வாசலில் கைகூப்பினார், அதிகம் பேசவில்லை. மாமா மொய் எழுதுகிற மேஜைக்குப் போய் நின்றார். எழுதுகிற பையன் மாமாவின் பெயரைக் கேட்டு எழுதிவிட்டு அடுத்தவரைப் பார்த்தான். பின்னாலேயே வந்து நின்ற பெரியப்பா நோட்டில் விரலை வைத்தார்.

"ஊர் பேரையும் தெரு பேரையும் சேர்த்து எழுதுடே. நாளைக்கு அவங்க வீட்டு விசேஷத்துக்கு நாம போகணும்லா?"