எமன் சபையில் ஒரு உயிருள்ள மனிதன்

1979-இல் வந்த ‘லோக் பர்லோக்’ இந்திப் படத்தைப் பற்றிக் கேட்டால் ஜீதேந்திராவைச் சொல்வார்கள், ஜெயப்பிரதாவைச் சொல்வார்கள், எமனாக வந்த பிரேம்நாத்தைச் சொல்வார்கள். அந்தக் கதைக்கு வித்திட்டவர் நூறாண்டுக்கு முன் வங்காளத்தில் வாழ்ந்த ஒரு தபால் துறை அதிகாரி என்பது அநேகம் பேருக்குத் தெரியாது.

அவர் தீனபந்து மித்ரா. அவுரி பயிரிடச் சொல்லி வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் வங்க விவசாயிகளை வதைத்ததை 1860-இல் ‘நீல் தர்ப்பண்’ நாடகமாக எழுதியவர். சர்க்கார் சம்பளம் வாங்கியவர். நாடகம் அவர் பெயர் இல்லாமல்தான் வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட ஜேம்ஸ் லாங் பாதிரியாருக்கு மறு ஆண்டு ஒரு மாதச் சிறை, 1,000 ரூபாய் அபராதம்.

அதே கைதான் ‘ஜமாலயே ஜீபந்த மானுஷ்’ என்ற கிண்டல் கதையையும் எழுதியது. எமலோகத்தில் உயிரோடு ஒரு மனிதன் என்று பொருள். வேலை நிமித்தம் ஊர் ஊராக அலைந்தவர் மித்ரா. கோப்பையும் முத்திரையையும் மேலதிகாரியின் சிடுசிடுப்பையும் தினம் பார்த்தவருக்கு, சித்திரகுப்தனின் ஏடு ஒரு சர்க்கார் பதிவேடாகவும் எமதர்பார் ஒரு கச்சேரியாகவும் தெரிந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

1958-இல் பிரபுல்ல சக்ரவர்த்தி இதை வங்காளத்தில் படமாக்கினார். நாயகன், பானு பந்தோபாத்யாய் என்ற மகத்தான நகைச்சுவை நடிகர். இரண்டே ஆண்டில் சி.புல்லய்யா அதைத் தெற்கே கொண்டுவந்தார். தெலுங்கில் என்.டி.ராமாராவ் நடித்த ‘தேவாந்தகுடு’, தமிழில் தங்கவேலு நடித்த ‘நான் கண்ட சொர்க்கம்’.

கதைக்குச் சூடு ஏறியது 1977-இல். அந்த ஆண்டு மார்ச்சில் நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. அக்டோபரில் தெலுங்கு ‘யமகோலா’ திரைக்கு வந்தது. டி.வி.நரசராஜு எழுத, தாதினேனி ராமாராவ் இயக்கினார். மேலே போன என்.டி.ஆர்., பாசக்கயிறு தூக்கிக் களைத்த கிங்கரர்களைக் கூட்டிச் சங்கம் அமைக்கிறார். உரிமை கேட்கச் சொல்லித் தருகிறார். எமனாக சத்யநாராயணாவும் சித்திரகுப்தனாக அல்லு ராமலிங்கய்யாவும் விழிக்கிறார்கள். வேலைநிறுத்தம் என்ற சொல்லையே அடக்கி வைத்திருந்த காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. அந்தக் கோஷத்துக்குத் திரையரங்கில் என்ன அர்த்தம் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். படம் பெரிய வெற்றி.

அதே தாதினேனி ராமாராவ்தான் ‘லோக் பர்லோக்’கையும் இயக்கினார். தெலுங்கில் நாயகியாக இருந்த ஜெயப்பிரதாவே இந்தியிலும் நாயகி. ஜீதேந்திரா ஆட்டம்பாட்டத்துக்குப் பேர்போனவர். படத்தின் வேகத்துக்கு அது உதவியது. ஆனாலும் 1977-இன் உஷ்ணம் தெலுங்கோடு நின்றுவிட்டது என்பது என் அபிப்பிராயம். 1980-இல் தமிழில் ‘யமனுக்கு யமன்’ வந்தது. எமனும் சிவாஜி, எமனை மடக்குகிறவரும் சிவாஜி.

மித்ரா 1873-இல் காலமானார். இந்தப் படங்களில் எதைப் பார்க்க உட்கார்ந்தாலும், அந்தத் தபால் அதிகாரியின் பெயரைப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒருமுறை சொல்லுங்கள்.