ஆங்கில மரபுத் தொடர்களும் அவற்றின் வரலாறும்



‘அவன் தன் தம்பியைத் தலைமுழுகிவிட்டான்’ என்று நம்மவர் ஒருவர் சொல்கின்றார். தமிழை ஏட்டளவில் மட்டும் கற்ற பிறநாட்டார் இதனைக் கேட்பாராயின், அண்ணன் தம்பியை நீராட்டினான் என்றே பொருள் கொள்வார். தலை என்னும் சொல்லை அவர் அறிவார்; முழுகுதல் என்னும் சொல்லையும் அறிவார். உறவினர் ஒருவர் இறந்த செய்தி கேட்டால் தலைமுழுகித் துடக்கு நீக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு என்பதை மட்டும் அறியார். அவ்வழக்கை அறிந்தவருக்கே, உயிரோடிருக்கும் தம்பியை இறந்தவனாக எண்ணி அண்ணன் உறவறுத்தான் என்னும் கடுமை விளங்கும்.

ஆங்கில மரபுத் தொடர்களின் முன்னே நமது நிலையும் இதுவே. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியிற் பொருள் கண்ட பின்னரும், தொடரின் பொருள் நம் கைக்கு அகப்படுவதில்லை. அது பிறந்த இடத்தையும் காலத்தையும் அறிந்தாலன்றி அதன் முழுப் பொருளும் புலப்படாது. இதற்குச் சான்றாக, தோற்றம் ஐயமின்றித் தெரிந்த மூன்றினை மட்டும் இன்று நோக்குவோம்.

முதலாவது, ‘ஹொப்சனின் தெரிவு’ என்பது. தோமஸ் ஹொப்சன் கேம்பிரிட்ஜ் நகரில் வாழ்ந்து 1631ஆம் ஆண்டில் இறந்தவர். கேம்பிரிட்ஜுக்கும் லண்டனுக்கும் இடையே பொதிகளையும் கடிதங்களையும் வண்டியிற் கொண்டு செல்வதும், குதிரைகளை வாடகைக்கு விடுவதும் அவர் தொழில். அவரது லாயத்தில் ஏறத்தாழ 40 குதிரைகள் நின்றன. பல்கலைக்கழக மாணவர் விரைந்தோடும் குதிரைகளையே விரும்பிக் கேட்டால், அவை ஓய்வின்றி நலிந்துபோகுமல்லவா? ஆதலால், கதவுக்கு அண்மையில் நிற்கும் குதிரையை ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும், இல்லையேல் நடந்து போகலாம் என்று அவர் விதி செய்தார். 1712ஆம் ஆண்டில் ‘ஸ்பெக்டேட்டர்’ என்னும் லண்டன் இதழ் இச்செய்தியை விளக்கி எழுதியுள்ளது. பெயரளவிலே தெரிவாயிருந்து, உண்மையில் தெரிவுக்கு இடந்தராத நிலையையே இன்று இத்தொடர் குறிக்கின்றது. எனினும், மாணவருக்குக் கொடுமையாய்த் தோன்றிய அவ்விதி வாயில்லாப் பிராணிகளுக்குக் காவலாய் இருந்தது என்பதை அகராதி நமக்குச் சொல்வதில்லை.

இரண்டாவது தொடர், ‘ரயட் அக்டை வாசித்தல்’, அதாவது கலகச் சட்டத்தை வாசித்தல் என்பது. குழப்படி செய்யும் பிள்ளைகளைத் தந்தை கடிந்து எச்சரித்தால், அவர் கலகச் சட்டத்தை வாசித்தார் என்பர் ஆங்கிலேயர். இதனைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால், தந்தை ஏதோ சட்டப் புத்தகத்தைக் கையிலெடுத்துப் படித்தாரென்று தமிழர் மயங்குவர்.

ஆனால், உண்மையிலேயே சட்டம் வாசிக்கப்பட்ட காலமும் ஒன்று இருந்தது. 1714ஆம் ஆண்டில் முதலாம் ஜோர்ஜ் அரசரானதை ஏற்காதோர் பல ஊர்களிற் கலகம் விளைத்தனர். அதனை அடக்கப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் 1715 ஆகஸ்ட் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. 12 பேரோ அதற்கு மேற்பட்டோரோ சட்டத்துக்கு மாறாகக் கூடி அமைதியைக் குலைப்பின், நீதவான் அவர்களை அணுகி, அரசரின் பெயரால் கலைந்து செல்லும்படி பணிக்கும் வாசகத்தை உரத்த குரலில் வாசித்தல் வேண்டும். ஒரு மணி நேரம் கழிந்த பின்னும் அங்கு நிற்போருக்கு மரண தண்டனை விதிக்கலாம். கலைக்கும்போது எவரேனும் இறப்பினும், கலைத்தவர் மீது குற்றம் சாராது.

1819 ஆகஸ்ட் 16ஆம் திகதி, மாஞ்செஸ்டர் நகரின் சென்ற் பீற்றர்ஸ் திடலில் ஏறத்தாழ 60,000 மக்கள் பாராளுமன்றச் சீர்திருத்தம் கோரிக் கூடினர். பெண்களும் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். சட்டம் வாசிக்கப்பட்டதென்று நீதவான்கள் பின்னர்க் கூறினர். திரண்டிருந்தோரிற் பெரும்பாலாரின் செவியில் அது விழவில்லை. ஒரு மணி நேரம் கழியுமுன்னரே குதிரைப்படை வாளுடன் கூட்டத்துட் புகுந்தது. குறைந்தது 15 பேர் உயிரிழந்தனர். பல நூற்றுவர் காயமுற்றனர். அச்சட்டம் இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஒரு காலத்தில் உயிரை வாங்கிய வாசகம், இன்று பிள்ளைகளை அதட்டும் தொடராய்த் தேய்ந்து நிற்கின்றது.

மூன்றாவது, ஒரு மனிதரின் பெயரே வினைச்சொல்லான கதை. கப்டன் சார்ள்ஸ் பொய்கொட் என்பவர் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்கு முகவராய் இருந்தார். விளைச்சல் குன்றிய காலத்தில் குத்தகையைப் போதிய அளவு குறைக்குமாறு குடியானவர் வேண்டினர். அதற்கு இணங்காது, செலுத்தாதோரை நிலத்தினின்றும் வெளியேற்ற முனைந்தனர். 1880 செப்டெம்பரில், தலைவர் பார்னெல் எனிஸ் நகரிற் பேசுகையில், குடியெழுப்பப்பட்டவனின் நிலத்தைப் பெறுபவனை எவரும் அண்டாது ஒதுக்கிவிடுக என்று அறிவுறுத்தினார். அம்முறையையே குடியானவர் பொய்கொட்டின் மீது கையாண்டனர். வேலையாட்கள் விலகினர், கடைக்காரர் பொருள் விற்க மறுத்தனர். அறுவடைக்காக வட பகுதியினின்று 50 பேர் வந்தனர். அவர்களைக் காக்க ஏறத்தாழ 1,000 படைவீரரும் பொலிசாரும் நிறுத்தப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் பொய்கொட் அயர்லாந்தை விட்டு நீங்கினார். அவரது பெயர் மட்டும் உலக மொழிகள் பலவற்றிற் குடியேறிவிட்டது.

அச்சொல் நம் நாட்டுக்கும் வந்தது. 1931ஆம் ஆண்டில், டொனமூர் அரசியற்றிட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லையென்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் கூறி, அரசாங்க சபைத் தேர்தலை விலக்குமாறு வேண்டிக்கொண்டது. வடபுலத்தின் நான்கு தொகுதிகளில் ஒருவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. 1934 வரை அவ்வாசனங்கள் வெறுமையாய்க் கிடந்தன. அச்செயல் நன்மை பயந்ததா, தீமை பயந்ததா என்று அறிஞர் இன்றும் வாதிடுவர். அதனை நம்மவர் ‘பகிஷ்காரம்’ என்றனர். புறத்தே ஒதுக்குதல் என்பது அதன் பொருள். பொய்கொட்டின் பெயரை அவ்வாறே ஒலிபெயர்க்காது, மேயோ மாவட்டத்தில் நிகழ்ந்த செயலையே சொல்லாக்கினர். அஃது உயிருள்ள மொழிபெயர்ப்பாயிற்று.

ஆதலால் நேயர்களே, ஆங்கிலத் தொடர் ஒன்று பொருள் விளங்காது நின்றால், சொல்லைச் சொல்லாற் பெயர்க்க விரையாதீர்கள். எவர் எவருக்கு எந்நிலையில் இதனைச் சொன்னார் என்று வினவுங்கள். தொடர்களுக்குப் பின்னாளிற் கட்டிவிட்ட கதைகளும் பல உண்டு. ஆதலின் சான்று தேடியே நம்புங்கள். அவ்வாறு தேடும்போது, ஒரு குதிரை லாயமும், இரத்தம் சிந்திய ஒரு திடலும், குடியெழுப்பலுக்கு அஞ்சிய ஏழை உழவரும் உங்கள் கண்முன் வருவர். அவர்களை அறிந்த பின், அத்தொடரை எங்கே வழங்கலாம், எங்கே வழங்கலாகாது என்பதும் உங்களுக்குத் தானே தெளிவாகும்.